முதலில் தண்ணீர், பிறகு வண்டி

(வேலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில், ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற கோடைகாலப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாசி முடிந்து பங்குனி பிறக்க இருக்கிறது. நிலக்கடலைக் கொல்லையிலும், செங்கல் சூளையிலும், கல் உடைக்கும் இடத்திலும், ஏரி வேலையிலும் நம் மக்கள் வெயிலில் நின்று உழைக்கும் காலம் வந்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வெயில் ஒருவரைக் கீழே தள்ளும்போது அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு வரை எங்களுக்கும் தெரியாது. அதை மறைக்காமல் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறோம்.

சென்ற சித்திரையில் நம் ஒன்றியத்து ஊர் ஒன்றில் ஏரி வரத்துக் கால்வாயைத் தூர்வாரும் பணி நடந்துகொண்டிருந்தது. அதனைப் பார்வையிட நாங்கள் சென்றபோது காலை பதினொரு மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தள்ளாடி நின்றார். பெயரைக் கேட்டதற்கு வேறு எதையோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்ததும் கோபித்துத் தள்ளினார். ‘காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார்’ என்று யாரோ கூற, மற்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் அதையே நம்பினோம். ‘ஓரமாக உட்கார வையுங்கள், தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று கூறிவிட்டுக் கால்வாயை அளக்கச் சென்றோம்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பிய போது அவர் மண்ணில் விழுந்து கிடந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்ற முயன்றார். எங்கள் ஜீப்பிலேயே அவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனையை நோக்கி விரைந்தோம். பதினான்கு கிலோமீட்டர் தூரம். நடுவில் ரயில்வே கேட் ஒன்று. விரைந்து கொண்டுபோவதே நாம் செய்யக்கூடிய பேருதவி என்றுதான் எண்ணினோம். மருத்துவமனையில் மருத்துவர் அவர் உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘தண்ணீர் ஊற்றினீர்களா?’

நாங்கள் ஊற்றவில்லை. பணித்தளத்திலிருந்து ஐம்பதடி தூரத்தில் மோட்டார் கொட்டகை இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தாண்டித்தான் ஜீப்பை ஓட்டிச் சென்றோம். மறுநாள் விடியற்காலையில் அவர் இறந்துபோனார். அவர் குடிக்கவில்லை என்பதும், முந்தின நாள் வரை வயிற்றுப்போக்கினால் படுத்திருந்தார் என்பதும், கூலி போய்விடுமே என்று ஒரு டம்ளர் தேநீரோடு வேலைக்கு வந்தார் என்பதும் எங்களுக்குப் பிறகே தெரியவந்தன.

அன்பர்களே, தண்ணீர் ஊற்றியிருந்தால் அவர் உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிழைப்பதற்குரிய வழி ஐம்பதடி தூரத்தில் இருந்தும் நாம் அதனைப் பயன்படுத்தவில்லை என்பது உண்மை. அவ்வாறு இன்னொருவர் நம் ஒன்றியத்தில் இறக்கக் கூடாது.

இந்நோய் எவ்வாறு வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் உடல் எப்பொழுதும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்திலேயே இயங்குகிறது. உண்ட உணவு உள்ளே எரிவதாலும் தசைகள் உழைப்பதாலும் உடலுக்குள் வெப்பம் ஓயாமல் உண்டாகிறது. அதனை வெளியேற்ற உடல் இரண்டு வழிகளைக் கையாளுகிறது: இரத்தத்தைத் தோலின் பக்கம் மிகுதியாகச் செலுத்துகிறது, வேர்வையைச் சுரக்கிறது. வேர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. இதற்கு நம் வீட்டு மண்பானையே சான்று. பானையின் மேல் கசியும் நீர் காற்றில் உலர்வதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்ச்சி பெறுகிறது. காற்றே ஈரமாக இருக்கும் புழுக்கமான நாளில் பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. உடலும் அப்படித்தான். ஆகவே வெயில் மட்டும் அன்று, புழுக்கமும் பகைதான். வெப்ப அலையைக் கணக்கிடும் வானிலைத் துறையினர் சமவெளிக்கு 40 டிகிரியையும் கடலோரத்துக்கு 37 டிகிரியையும் தொடக்க அளவாகக் கொள்ளுகின்றனர்.

வேர்வையாக வெளியேறிய நீரும் உப்பும் ஈடு செய்யப்படாவிடில் உடல் படிப்படியாகத் தளர்கிறது. முதற்படியில் கெண்டைக்காலிலும் தொடையிலும் வயிற்றிலும் சதை பிடித்து இழுக்கும். இது உடல் தரும் முதல் எச்சரிக்கை. வேலையை நிறுத்தி, நிழலில் அமர்ந்து, உப்பிட்ட நீர்மோரோ கஞ்சித் தண்ணீரோ பருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி வெப்பச் சோர்வு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வேர்வை, தாங்க முடியாத களைப்பு, சிறுநீர் குறைந்து அடர்ந்த மஞ்சள் நிறமாதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நிலையில் உள்ளவர் சோர்ந்திருப்பாரே தவிர, கேட்டதற்குச் சரியாக விடை சொல்லுவார். அவரை நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிற வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகத் தர வேண்டும். அரை மணி நேரத்தில் தெளிவு காணாவிடினும், வாந்தி நில்லாவிடினும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தெளிந்துவிட்டாலும் அன்று அவர் மீண்டும் வேலையில் இறங்கக் கூடாது. ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று எழுந்து மண்வெட்டியை எடுப்பவர்தான் அடுத்த படிக்குச் செல்லுகிறார்.

மூன்றாம் படிதான் உயிரைக் குடிக்கும் வெப்பத் தாக்கு. ஆங்கிலத்தில் இதனை ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்பர். ஸ்ட்ரோக் என்ற சொல்லைக் கேட்டுப் பக்கவாதம் என்று எண்ணிவிட வேண்டாம். இது வேறு, அது வேறு. இதில் உடல் வெப்பம் 40 டிகிரியை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தொட்டுவிடுகிறது அல்லது கடந்துவிடுகிறது. மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் அந்தச் சூட்டில் கெடத் தொடங்குகின்றன.

இதனைக் கண்டுகொள்வது எப்படி? ‘வேர்வை நின்று தோல் உலர்ந்துவிட்டால்தான் வெப்பத் தாக்கு’ என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நம்பி ஏமாற வேண்டாம். வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் முதியவருக்குத் தோல் உலர்ந்திருக்கலாம். ஆனால் வெயிலில் உழைக்கும்போது தாக்குண்டவர் உடலெல்லாம் வேர்வையோடும் விழக்கூடும். அக்குளிலோ நெற்றியிலோ வைத்துப் பார்க்கும் வெப்பமானியும் வெளியிடத்தில் சரியான அளவைக் காட்டுமென்று சொல்வதற்கில்லை. ஆகவே அறிவு தடுமாறுகிறதா என்பதைப் பாருங்கள். உங்கள் பெயர் என்ன, இது எந்த ஊர், பக்கத்தில் நிற்பவர் யார் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடை பிசகினால், நாக்குழறினால், காரணமின்றிக் கோபித்தால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், அது வெப்பத் தாக்கு என்றே கொண்டு செயலில் இறங்குங்கள். வெயிலில் தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று ஒதுக்காதீர்கள். அவர் மெய்யாகவே குடித்திருந்தாலும், குடித்தவரை வெயில் எளிதில் தாக்கும் என்பதால் உதவி இன்னும் அவசரமாகிறது.

இனிச் சிகிச்சை. முதலில் தண்ணீர், பிறகு வண்டி. இந்த வரிசையை மறவாதீர்கள். ஒருவர் 108 ஆம்புலன்ஸை அழைக்கட்டும். 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்கள் அந்த வண்டி வரும் வரை கைகட்டி நிற்கக் கூடாது. உடலின் சூடு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு கேடு விளைகிறது. முதல் அரை மணி நேரத்திற்குள் சூட்டைக் குறைத்தாக வேண்டும். அதற்குரிய மருந்து தண்ணீர்தான். அது மருத்துவமனையில் மட்டும் இல்லை. நம் கிணற்றிலும் தொட்டியிலும் குழாயிலும் இருக்கிறது.

அவரை நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். சட்டையைக் கழற்றிவிடுங்கள். தலை முதல் கால் வரை குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுங்கள். மூக்கிலும் வாயிலும் நீர் புகாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வையுங்கள். இருவர் துண்டாலோ முறத்தாலோ ஓயாமல் விசிறுங்கள். மோட்டார்த் தொட்டி அருகில் இருந்தால் கழுத்தளவு நீரில் அவரை அமர்த்தலாம். ஆனால் குறைந்தது இருவர் அவர் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஆழமான கிணற்றிலோ ஏரியிலோ இறக்கக் கூடாது. பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். அவர் அறிவு தெளியும் வரை, அல்லது ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் வர இயலாமல் வேறு வண்டியில் கொண்டு செல்ல நேர்ந்தால், நனைத்த துணியைப் போர்த்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே செல்லுங்கள்.

‘சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும்’ என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. அவர்கள் நல்லெண்ணத்தால் கூறுகிறார்கள். ஆனால் வெப்பத் தாக்குண்டவரைக் கொல்வது சூடே ஒழிய, தண்ணீர் அன்று. பெண்களாயின் ஆடையைக் கழற்றவும் கூசி, தண்ணீர் ஊற்றவும் கூசிக் காலத்தைக் கழிப்பதும் நேர்கிறது. சேலையின் மேலேயே ஊற்றலாம். இறுக்கத்தை மட்டும் தளர்த்தி, நான்கு சகோதரிகள் ஒரு சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டால் மானமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. நினைவு தெளியாதவர் வாயில் சோடாவோ இளநீரோ தண்ணீரோ எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பையோ சாவிக்கொத்தையோ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. காய்ச்சல் மாத்திரை கொடுக்கக் கூடாது. இது காய்ச்சல் அன்று. அம்மாத்திரை இச்சூட்டைக் குறைக்காது. ஏற்கெனவே வாடும் கல்லீரலுக்குக் கூடுதல் தீங்கையும் செய்யக்கூடும். கூட்டம் சூழ்ந்து காற்றை மறைப்பதும் கூடாது. பார்க்க வந்தவர் கையில் ஒரு குடம் இருந்தால் நில்லுங்கள். இல்லையேல் விலகி நில்லுங்கள்.

மேற்சொன்ன நிகழ்ச்சிக்குப் பிறகு இவற்றையெல்லாம் எங்கள் பணியாளர்கள் கற்றார்கள். ஒரு மாதம் செல்வதற்குள், கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் பிதற்றியபடி சாய்ந்தார். உடன் இருந்த பெண்கள் வண்டிக்காகக் காத்திராமல் வேப்பமரத்தடியில் அவரைக் கிடத்தி, பதினைந்து இருபது குடம் நீரை ஊற்றினார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த சமயத்தில் அவர் கண் விழித்து, ‘சேலையை இப்படி நனைத்துவிட்டீர்களே, வீட்டுக்கு எப்படிப் போவேன்?’ என்று கடிந்துகொண்டார். அறிவு தெளிந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமோ? தெளிந்துவிட்டாரே என்று விட்டுவிடாமல் அவரை மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். உள்ளுறுப்புகளுக்குக் கேடு நேர்ந்திருப்பது வெளியில் தெரியாதாகையால் அதுவும் அவசியமே.

இனி, வராமல் தடுப்பது. வெயில் வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்வது நலம். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை கடும் உழைப்பு வேண்டாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இருபது நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு டம்ளர் நீர் அருந்த வேண்டும். கழிப்பிட வசதி இல்லாத பணித்தளங்களில் பெண்கள் நாள் முழுவதும் நீர் அருந்தாமலே இருந்துவிடுகின்றனர். தண்ணீர்க் குடம் வைத்தால் மட்டும் நம் கடமை முடியாது. தட்டி கட்டிய ஒதுக்கிடமும் வேண்டும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றினை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதியைக் கரைத்துப் பாதியை வைத்துக்கொள்வதும், ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டுவதும் தவறு. பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் விளிம்புக்குச் சரியாக வழித்து, இட்டுக் கலக்கலாம். நம் நீராகாரமும் நீர்மோரும் அன்றாடத் தேவைக்கு நல்லவை.

உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது. ஆகவே புதிதாக வேலைக்கு வருபவருக்கும், நோயில் படுத்து எழுந்தவருக்கும் முதல் நாளே முழு வேலை தரக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருவது நல்ல முறை. முதியவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இருதய நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள், நீர் பிரிவதற்கான மாத்திரை உண்பவர்கள், வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டவர்கள் ஆகியோரை வெயில் விரைவில் தாக்கும். தகரக் கூரையின் கீழ்த் தனியே வாழும் முதியவரையும் மறந்துவிடாதீர்கள். நடுப்பகலில் ஒருமுறை யாரேனும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இது தனி மனிதர் கடமை மட்டும் அன்று. குஜராத் மாநிலத்து அகமதாபாத் நகரில் 2010ஆம் ஆண்டு மே மாதம் வீசிய வெப்ப அலையில், வழக்கமாக அம்மாதத்தில் நேரும் இறப்புகளைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நேர்ந்தன எனப் பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டனர். அம்மாநகராட்சி 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்து, முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவர் பயிற்சி ஆகியவற்றைத் தொடங்கியது. நம் மாநில அரசும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வகை செய்தது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தப் பணம் தேவைப்படாதபடி பார்த்துக்கொள்வது ஊராட்சியின் கையில் இருக்கிறது.

வருகிற மார்ச்சு 22ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான அன்று, ஒவ்வோர் ஊராட்சியும் இதனைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒவ்வொரு பணித்தளத்திலும் குடிநீர் நீங்கலாக, ஊற்றுவதற்கென்றே இரண்டு பீப்பாய் தண்ணீர், நான்கு குடம், நான்கு பெரிய துணி, ஒரு பாய், பத்துப் பொட்டலம் உப்புச் சர்க்கரை இவை இருக்கட்டும். பணித்தளத்திற்கு வரும் வழியையும் அடையாளத்தையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்; 108ஐ அழைப்பவர் பதற்றத்தில் வழி சொல்லத் தெரியாமல் திகைப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். கிராம சுகாதார செவிலியரை அழைத்து, பணித்தளப் பொறுப்பாளர்க்கும் மகளிர் குழுவினர்க்கும் ஒரு மணி நேரப் பயிற்சி அளியுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் தண்டோராப் போட்டோ ஒலிபெருக்கி வைத்தோ ஊருக்கு அறிவியுங்கள். வயலில் ஆள் வைத்து வேலை வாங்கும் விவசாயப் பெருமக்களும் மோட்டார்க் கொட்டகையின் சாவி எங்கே இருக்கிறது என்பதை வேலையாட்களில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

முடிவாக ஒன்று. அந்தக் கால்வாய் வேலை பின்னர் முடிவுற்றது. மழையில் ஏரிக்கு நீரும் வந்தது. அவ்வழியே செல்லும் போதெல்லாம் அந்த மோட்டார்க் கொட்டகை எங்கள் கண்ணில் படுகிறது. மருத்துவர் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கோடையில் நம் ஒன்றியத்திலிருந்து எவரேனும் வெயிலில் விழுந்து மருத்துவமனைக்குச் செல்ல நேரிட்டால், மருத்துவர் அதே கேள்வியைக் கேட்பார். ‘ஊற்றினோம் ஐயா, இன்னும் ஊற்றிக்கொண்டுதான் வந்தோம்’ என்று அவருக்கு விடை சொல்லும்படி நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊரை ஆயத்தம் செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, எங்கள் உரையை முடித்துக்கொள்ளுகிறோம்.